விரக்தியற்ற பள்ளி

ஜூலை மாதக் கணக்கெடுப்பின்படி எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் பதினேழு பேருக்கு விரக்தி இருந்தது. பெயர்களை வண்ண அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஓரத்தில் சூரியகாந்திப் பூ வரைந்து, அந்தந்த வகுப்பின் கதவில் ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் வகுப்புக் கதவில் ஒரே ஒரு பெயர்தான்: எல்ரோஸ் ஹெல்வோசா, வயது ஒன்பது.

அவளுடைய அப்பா எல்பிடியோவுக்கு அந்த அட்டையைப் படிக்கக் கொஞ்ச நேரமானது. மீன் இறங்குதளத்தில் ஐஸ் பார் உடைக்கிறவர் அவர். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மகளின் பெயரில் முன்பாதி தன்னுடையது, பின்பாதி மனைவி ரோசலியுடையது என்பதால் அந்தப் பெயரை மட்டும் எங்கே கண்டாலும் சட்டென்று படித்துவிடுவார். பெயருக்கு எதிரே இருந்த ஆங்கிலச் சொல்தான் இடறியது. வானொலி நாடகங்களில் கேட்ட சொல். மனசு விட்டுப்போனவர்களைப் பற்றிச் சொல்வது. விரக்தி.

கதவடியிலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போன ஆகஸ்டில் ரோசலி எதிர்க்கரைச் சந்தைக்குக் கருவாட்டுக் கூடையோடு படகேறிப் போனாள். மூன்றாம் நாள் அந்தப் படகைச் சாயாமல் தாங்குகிற பக்கவாட்டு மூங்கில் மட்டும் கரை ஒதுங்கியது. நகராட்சிப் பதிவேட்டில் இன்றுவரை அவள் பெயருக்கு நேரே 'காணவில்லை' என்றுதான் இருக்கிறது. பதினொரு மாதமாக எல்ரோஸ் சிரிக்கவில்லை. சொந்தபந்தம் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் மட்டும் கவனித்திருக்கிறது! கவனித்ததோடு விடாமல் எழுதி, உறை போட்டு, பூவும் வரைந்திருக்கிறது.

மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வகுப்பாசிரியை மேம் ஜெசிலைப் பார்க்கப் போனார்.

"ரொம்ப நன்றிங்க மேம். சொந்தக்காரங்ககூட கண்டுக்கல. நீங்கதான் அவ மனசைப் பாத்து எழுதியிருக்கீங்க."

"எதை எழுதியிருக்கேன்?"

"விரக்தின்னு. கதவுல."

மேம் ஜெசில் வாழைப்பழத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ, அது அந்த விரக்தி இல்லீங்க. இது வாசிப்பு விரக்தி."

"வாசிச்சா விரக்தி வருமா மேம்?"

"அப்படி இல்லீங்க. மூணு நிலை இருக்கு. படிச்சிட்டுக் கேள்விக்குத் தானா சரியா பதில் சொன்னா சுதந்திர நிலை. கொஞ்சம் எடுத்துக் குடுத்தா சொல்லிடும்னா பயிற்சி நிலை. எடுத்துக் குடுத்தும் சொல்லலேன்னா விரக்தி நிலை."

"அப்ப அவ மனசு?"

"அதுக்குப் படிவம் இல்லீங்க."

இதை அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஐம்பத்தோரு குழந்தைகளுக்கும் இருபத்து மூன்று படிவங்களுக்கும் ஒரே ஆளாகப் பொறுப்பில் இருப்பவர் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து எல்ரோஸின் தேர்வுத்தாளை எடுத்துக் காட்டினார்.

பாடம் நாலே வாக்கியம். 'அம்மா படகில் சந்தைக்குப் போகிறாள். வானம் இருட்டாக இருக்கிறது. காற்று பலமாக வீசுகிறது. லிசா சன்னலில் நின்று பார்க்கிறாள்.' அந்த வாரம் குழந்தைகளுக்குச் சந்தை, இருட்டு, காற்று என்ற மூன்று சொற்களைப் பழக்க வேண்டியிருந்ததாம். தலைநகர் மணிலாவில் யாரோ ஓர் அதிகாரி மூன்றையும் ஒரே கதையில் போட்டு வேலையை முடித்திருந்தார். கீழே கேள்வி: அடுத்து என்ன நடக்கும்? விடைக்குறிப்பின்படி சரியான பதில்: 'அம்மா மாம்பழங்களோடு வீட்டுக்குத் திரும்பி வருவாள்.'

எல்ரோஸ் எழுதியிருந்தது ஒரே சொல். 'வரமாட்டாள்.'

பக்கத்தில் சிவப்பு மையில் 'ஆதாரமற்ற ஊகம்' என்று இருந்தது.

"கடகடன்னு படிக்கிறா உங்க பொண்ணு. ஒரு எழுத்து தப்பல," என்றார் மேம் ஜெசில். "ஆனா ஊகிக்கிற கேள்விக்குத்தான் பாதி மார்க். ரெண்டு தடவை மறுபடியும் கேட்டேன். அதையேதான் எழுதுறா."

"ஆதாரம்னா என்னங்க?"

"பாடத்துலேர்ந்தே எடுத்துக் காட்டணும்."

எல்பிடியோ தாளை உற்றுப் பார்த்தார். 'இருட்டாக' என்பதற்கும் 'பலமாக' என்பதற்கும் அடியில் பென்சில் கோடு இருந்தது. "இது அவ போட்ட கோடுதானே?"

மேம் ஜெசில் விடைக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். "விடைக்குறிப்புல அது இல்லீங்க," என்றார் மெதுவாக. "மார்ச்சுக்குள்ள இந்தக் கதவுலேர்ந்து பேர் இறங்கணும். இறங்கலேன்னா மூணாம் வகுப்பை மறுபடியும் படிக்கணும். நீங்களும் வீட்டுல கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

வீட்டில் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சனிக்கிழமை பயிலரங்கு நடந்தது. காலை ஏழு மணிக்கு ஆரம்பம். ஜெபம், தேசிய கீதம், மாகாண கீதம், வரவேற்புரை, நான்காம் வகுப்பு மாணவிகளின் நடனம், சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்ய வந்தவரைப் பற்றிய அறிமுகம் எல்லாம் முடியும்போது மணி பத்தரை. சிறப்பு விருந்தினர் மாவட்ட வாசிப்பு மேற்பார்வையாளர் டாக்டர் பெர்பெக்டா. திட்டத்தின் பெயர் ப.ட.கு. விரிவாக்கம்: படி, டக்கென ஊகி, குறித்துவை.

"எல்லாரும் எழுந்திருங்க! நம்ம திட்டத்துக்கு ஒரு சைகை இருக்கு!" என்றார் டாக்டர் பெர்பெக்டா. இரண்டு கையாலும் துடுப்பு வலிக்க வேண்டும். "ப! ட! கு! யாரும் மூழ்க மாட்டோம்!"

நூற்றிருபது பெற்றோரும் குழந்தைகளும் துடுப்பு வலித்தார்கள். எல்ரோஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எல்பிடியோ இரண்டு தடவை வலித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அன்பான பெற்றோர்களே," என்று டாக்டர் பெர்பெக்டா தொடங்கினார். "குழந்தை புத்தகத்தைத் திறந்தா நீங்க சும்மா இருக்கக் கூடாது. சும்மா விட்டா அது பாட்டுக்குப் படிச்சிடும். படிச்சிட்டா போதுமா? புரிஞ்சுதான்னு நமக்கு எப்படித் தெரியும்? அளக்கணும். அளக்க முடியாத புரிதல் புரிதலே இல்ல. இருபத்தாறு வருஷமா நான் இந்தத் துறையில இருக்கேன். ஒரு குழந்தைகூட உக்காந்து ஒரு பக்கம் படிக்க எனக்கு நேரம் கிடைச்சதில்ல. ஆனா நாப்பதாயிரம் குழந்தைங்களோட புரிதல் என் லேப்டாப்ல இருக்கு!"

பலத்த கைதட்டல். பிறகு ஏழு உத்திகளைச் சொன்னார். மனசுக்குள் படம் பார், கேள்வி கேள், உன் வாழ்க்கையோடு இணை, ஊகி, இப்படி. எல்பிடியோ கை தூக்கினார்.

"டாக்டர் மேம், கதையில எழுதாத ஒண்ணை ஊகிச்சா, அது சரியா தப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"நல்ல கேள்வி! விடைக்குறிப்பைப் பாத்துத்தான்."

எல்லாருக்கும் ஒரு பொட்டலம் பன்சிட் நூடுல்ஸும், சான்றிதழும், தினமும் நிரப்ப வேண்டிய வீட்டு வாசிப்புப் பதிவேடும் கிடைத்தன. படித்த பாடத்தின் எண், பயன்படுத்திய உத்தி, குழந்தையின் விடை, பெற்றோர் கையெழுத்து. வாரம் ஒரு புகைப்படம் சாட்சியாக அனுப்ப வேண்டும். படத்தில் திட்டத்தின் லோகோ போட்ட ஃப்ளெக்ஸ் பின்னால் தெரிய வேண்டும். ஃப்ளெக்ஸும் கொடுத்தார்கள். எல்பிடியோவின் வீட்டுச் சுவரைவிட அது அரை அடி நீளம்.

மனிதர் சிரத்தையானவர். அன்று சாயங்காலமே தொடங்கிவிட்டார்.

"இன்டாய்," என்றார், எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற செல்லச் சொல்லால். "இந்தச் சோத்துச் சட்டியைப் பாரு. அடுத்து என்ன நடக்கும்னு நெனக்கிற?"

"அடிப்பிடிக்கும்."

"ஆதாரம்?"

"வாசனை வருதுப்பா."

அடிப்பிடித்திருந்தது. கறுகிய சோற்றைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே எல்பிடியோ, "பாத்தியா, ஊகிக்க உனக்கு வருதே!" என்றார். எல்ரோஸின் உதட்டோரம் லேசாக அசைந்தது. பதினொரு மாதத்தில் முதல் தடவை. பதிவேட்டில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் வாரப் புகைப்படம் திரும்பி வந்தது. குறிப்பு: 'சுவரில் தொங்கும் பூப்போட்ட பெண்கள் சட்டை லோகோவை மறைக்கிறது. அகற்றிவிட்டு மறுபடி எடுக்கவும்.' அது ரோசலியின் சட்டை. எல்பிடியோ ஃப்ளெக்ஸை அகற்றினார். வேறு சுவரில், பாதியை மடக்கி மாட்டினார். அந்தப் படமும் திரும்பி வந்தது. ப.ட.கு. என்பதில் கு. தெரியவில்லையாம்.

எல்ரோஸுக்குப் படிக்க வராது என்று எங்கள் ஊரில் நம்பியது பள்ளிக்கூடம் ஒன்றுதான். மீன் இறங்குதளத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. தினமும் விடிந்ததும் வானிலை அறிக்கையை அதில் ஒட்டிவிட்டுப் போவார்கள், பொடி எழுத்தில், முழுக்க ஆங்கிலத்தில். முன்பெல்லாம் அதை யாரும் படித்ததில்லை. ரோசலி படகேறிய அந்த ஆகஸ்டிலும் யாரும் படிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு காலையும் தவறாமல் எல்ரோஸ் அப்பாவோடு வந்து, மீன் பெட்டியின் மேல் ஏறி நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறாள். பதினான்கு படகுக்காரர்களும் கையில் காப்பியோடு காத்திருப்பார்கள்.

நவம்பரில் ஒரு காலை. கடல் தட்டு மாதிரி கிடந்தது.

"என்ன இன்டாய், போலாமா?" என்றார் குஸ்டிங். இருக்கிற படகுகளில் பெரியது அவருடையது, இருக்கிற வாய்களிலும்.

எல்ரோஸ் படித்து முடித்தாள். "போகாதீங்க."

"வானத்தைப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. உனக்குப் படிக்கவே வரலேன்னு பள்ளிக்கூடத்துக் கதவுலயே போட்டிருக்காங்களாமே?"

"மத்தியானத்துக்கு மேல வடகிழக்குக் காத்துன்னு போட்டிருக்கு மாமா. இந்த வார்த்தைக்குப் பக்கத்துல நேத்து 'கூடும்'னு இருந்துச்சு. இன்னிக்கு அந்த 'கூடும்' இல்ல."

குஸ்டிங் காப்பியை ஊதினார். "இவ அம்மா வாய்தான் இவளுக்கும்," என்று முணுமுணுத்துவிட்டு நங்கூரத்தை மறுபடி மணலில் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். இரண்டு மணிக்குக் காற்று வந்தது. சாயங்காலம் எங்கள் ஊர்ப் படகு பதினான்கும், அவற்றில் போகிற நாற்பத்தோரு பேரும் கரையில்தான். பக்கத்து ஊரில் இரண்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எல்பிடியோ அன்று பதிவேட்டைத் தானே நிரப்பினார். பாடம்: அறிவிப்புப் பலகை. உத்தி: ஊகித்தல். குழந்தையின் விடை: போகாதீங்க. கட்டத்துக்கு வெளியே, மரத்துப்போன விரலால், கோணல் எழுத்தில் ஒரு வரி கூடச் சேர்த்தார்: 'நாற்பத்தோரு பேர் வீட்டில் சாப்பிட்டார்கள்.'

திங்கட்கிழமை அது சிவப்பு மையோடு திரும்பியது. 'தரப்படுத்தப்பட்ட பாடம் அல்ல. பாட எண் இல்லை. கட்டத்துக்கு வெளியே எழுதக் கூடாது.'

பிப்ரவரிக்குள் மற்ற பதினாறு பேரின் விரக்தியும் தீர்ந்துவிட்டது. ஒருவன் குடும்பத்தோடு மணிலாவுக்குப் போனான்; அவனுடைய விரக்தியும் மாற்றுச் சான்றிதழோடு போயிற்று. மூன்று பேருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் படித்தார்கள். அதை எட்டாவது உத்தியாக அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு விடைக்குறிப்பையே பாட்டாக்கி, துடுப்பு வலித்தபடி பாடக் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்டத்தின் முதல் 'விரக்தியற்ற பள்ளி' என்ற விருது வாசல்வரை வந்து நின்றது. இடையில் நின்றது ஒன்பது வயதுப் பெண்ணின் ஒரு சொல்.

மார்ச் இரண்டாம் வாரம் தலைமையாசிரியர் அறைக்கு அப்பாவையும் மகளையும் வரச் சொன்னார்கள். டாக்டர் பெர்பெக்டாவே வந்திருந்தார். மேசைமேல் அதே நாலு வாக்கியப் பாடம்.

"மேம், இவளுக்கு மட்டும் வேற பாடம் குடுத்துப் பாக்கலாமே," என்றார் மேம் ஜெசில். "இவங்க வீட்டுல நடந்தது..."

"பாடத்தை மாத்திட்டா முன்னேற்றத்தை எப்படி அளக்கறது ஜெசில்? போன வருஷம் ஒரு தராசு, இந்த வருஷம் ஒரு தராசா?" என்றவர் எல்ரோஸ் பக்கம் திரும்பிக் குரலைத் தேனாக்கினார். "சொல்லும்மா. லிசாவோட அம்மா சந்தைக்குப் போனாங்க. அடுத்து என்ன?"

எல்ரோஸ் பாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாத. உங்கம்மாவைப் பத்திக் கேக்கல நான். லிசாவோட அம்மாவைப் பத்தித்தான் கேக்கறேன்."

"உன் வாழ்க்கையோட இணைச்சுப் பாருன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் எல்ரோஸ்.

டாக்டர் பெர்பெக்டா தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இணைக்கலாம்மா. பொருத்தமான அளவுக்கு இணைக்கணும். எல்லாத்தையும் கொண்டுவந்து இணைச்சா பாடம் தாங்காது. பாரு, வெளியில ஜீப்புல ஃப்ளெக்ஸ் அடிச்சே கொண்டுவந்துட்டேன். நாளைக்கு மாகாணத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. நானூத்துப் பன்னெண்டு பிள்ளைங்க இங்க சந்தோஷமா இருக்காங்க. நீ ஒருத்தி மட்டும் விரக்தியா இருந்தா, அது அவங்களுக்கெல்லாம் எவ்வளவு கஷ்டம்?"

எல்பிடியோ எழுந்தார். "டாக்டர் மேம், அவ மூணாவதையே இன்னொரு தடவை படிக்கட்டுங்க. பரவால்ல."

எல்ரோஸ் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். ஐஸில் வெந்து தோலுரிந்த கைகள். பதிவேடு முழுக்கத் தப்புத் தப்பாக நிரப்பிய கைகள். பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். ஒரு வரி எழுதித் தாளைத் திருப்பி வைத்தாள்.

டாக்டர் பெர்பெக்டா படித்தார். கையைத் தட்டினார். தலைமையாசிரியரும் தட்டினார். மேம் ஜெசில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சுதந்திர நிலை!" என்றார் டாக்டர் பெர்பெக்டா. "நடுவுல பயிற்சி நிலையைக்கூட தொடாம, விரக்தியிலேர்ந்து நேரா சுதந்திரம்! இதை நான் மாநாட்டுல பேசப் போறேன்." பதினைந்து நிமிஷத்தில் கதவு அட்டையைக் கழற்றினார்கள். வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறியது. பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், படித்துப் பார்த்து, காலையில் கொடுத்தால் போதும் என்றார்கள்.

இருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மீன் இறங்குதளத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார்கள். சாயங்கால வெயில் இருந்தது. எல்பிடியோ தாளை மடியில் விரித்து, விரலை வைத்து, முதல் சொல்லிலிருந்து படித்தார். நாலு வாக்கியத்துக்கு ரொம்ப நேரம் ஆனது. எல்ரோஸ் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தாள். கடைசியில் மகளின் கையெழுத்துக்கு வந்தார்.

'அம்மா மாம்பழங்களோடு வீட்டுக்குத் திரும்பி வருவாள்.'

அவர் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். எதையோ தவறவிட்டவர் மாதிரி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இன்டாய், அம்மா திரும்பி வருவான்னு இதுல எந்த வரியில இருக்கு?"

"எழுதியிருக்காதுப்பா. நாமதான் ஊகிக்கணும்."

"நீ அப்படித்தான் ஊகிக்கிறியா?"

எல்ரோஸ் கடல் பக்கம் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த செதிலொன்றை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"அது கேள்வியில இல்லப்பா."

தாளின் அடியில் அச்சடித்த ஒரு வரி இருந்தது: 'என் குழந்தையின் விடையைப் படித்தேன், அதனுடன் உடன்படுகிறேன்.' அதற்குக் கீழே ஒரு கோடு. ரோசலி காணாமல்போன முதல் மூன்று மாதம், தினமும், இந்த விடையைத்தான் அவர் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் சொல்வதை நிறுத்தினார். ஏன் நிறுத்தினீர்கள் என்று அவள் கேட்டதில்லை.

எல்பிடியோ பேனாவை எடுத்தார். விரல் மரத்திருந்ததால் பெயரின் முதல் எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று. அதை அடித்துவிட்டு, கோட்டுக்குள்ளேயே மறுபடி எழுதினார்.

"போட்டுட்டியாப்பா?"

"போட்டுட்டேன்."

எல்ரோஸ் தாளை வாங்கி, கையெழுத்தைச் சரிபார்த்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப நீயும் பாஸ்ப்பா," என்றாள்.